என் இடது கால் மேல் போட்ட பழி

கிளட்ச் கருகின வாசனை புடவையில் ஏறினால் லேசில் போகாது. உங்களுக்குத் தெரியாததா? எத்தனையோ தடவை சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து எடுத்தும், இன்றைக்கு மடிக்கும்போது மூக்கில் ஏறியது. அந்தப் புடவையை மடியில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடின பிறகு உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதுவும் உங்கள் மேல் தப்பு இருக்கிறதா என்றே தெரியாமல் போடுகிற சண்டை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து கார் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நம் ஜெனி சென்னையிலிருந்து வந்தாள். "அப்பா வண்டி இப்படியே நின்னா துருப்பிடிச்சிடும்மா. யாராவது கேட்டா குடுத்துடலாம். அதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்" என்று பேட்டரி மாற்றிக் கிளப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கியர் போட்டு கிளட்சை விட்டாளோ இல்லையோ, வண்டி மொத்தமும் உதறியது. கதவு, கண்ணாடி, என் தாடை எல்லாம் சேர்ந்து ஆடியது. தெருமுனை தாண்டுவதற்குள் கருகின வாசனை வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "உனக்கும் என் காலே வாய்ச்சிருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சென்னை நெரிசலில் தினமும் ஓட்டுகிறவள். மறுபடி நிறுத்தி எடுத்தாள். மறுபடியும் உதறல். "அம்மா, காலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வண்டியிலதான் கோளாறு. இதுலயா அப்பா உனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தாரு?" என்றாள்.

அவள் சாதாரணமாகக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் காலேஜில் சேர்ந்த வருஷம், வீட்டில் நாம் ரெண்டு பேர்தான். "ஏங்க, எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க, நானே கோலியனூர் ஸ்கூலுக்குப் போய்க்கறேன்" என்றேன். மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கையில் கொடுத்தீர்கள். ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் வைத்த அந்தப் பழைய காரில், சர்ச் மைதானத்தில் என்னை உட்காரவைத்து, "கிளட்சை மிதிக்கிறது யாருக்கும் வரும், விடறதுலதான் கீது" என்றீர்கள். நான் விட்டேன். வண்டி உதறிக்கொண்டு நின்றது. மறுநாளும் அப்படித்தான். நீங்கள் உட்கார்ந்தால் மட்டும் வெண்ணெய் மாதிரி நகரும். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர் ஏறினா காருக்கே குளிர்ஜுரம் வந்துடுது" என்று கேலி பண்ணினார். நீங்களும் சிரித்தீர்கள்.

"வண்டியில ஏதாவது இருக்கப் போவுது, பாருங்க" என்று நான் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. பானெட்டைத் தூக்கினீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொல்லி, என்னை உள்ளே உட்காரவைத்து, கிளட்சை மெதுவாக விடச் சொன்னீர்கள். தூக்கின பானெட்டுக்குப் பின்னால் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "போதும்" என்று குரல் மட்டும் வந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வண்டி நல்லாத்தான் கீது. உன் கால்லதான் கிளட்ச் நிக்கல, டீச்சரம்மா" என்றீர்கள்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? திண்டிவனத்து டாக்டரம்மாவுக்கு அதே வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டி, அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது அதையே விலைக்கு வாங்கி வந்தவர் நீங்கள். டிரைவராக ஏறின வண்டியில் சொந்தக்காரராக நம் தெருவுக்குள் வந்து இறங்கினீர்கள். நம் ஜனங்கள் அத்தனை பேரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். நீங்கள் ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் யார் என்ன சொல்லிவிட முடியும்? சாவியை ஆணியில் மாட்டினேன். அதற்கப்புறம் நீங்கள்தான் மண்டி லாரி ஓட்டப் போவதற்கு முன்னால் என்னைக் கோலியனூரில் கொண்டுபோய் விட்டீர்கள். நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் விட்டீர்கள். மழை நாளில் ஸ்கூல் வாசப்படிக்கே வண்டியைக் கொண்டுவந்து, செருப்பு நனையாமல் இறக்கிவிடுவீர்கள். மற்ற டீச்சர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் திண்டிவனத்தில் என் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்த அன்றைக்கு, நீங்கள் மண்டி லோடு ஏற்றிக்கொண்டு சித்தூர் பக்கம் போயிருந்தீர்கள். வண்டி வாசலில் நின்றது. சாவி கைக்கெட்டுகிற இடத்தில் தொங்கியது. ஓட்டத் தெரியாதவள் நான், விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விக்கிரவாண்டி நெரிசலில் பஸ் நின்றது நின்றபடி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் வாயைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பின கையோடு வந்து என்னைவிட அதிகமாக அழுதவர் நீங்கள்தான். இப்போது அந்த அழுகையைக்கூட என்னால் சும்மா நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வண்டியை விற்பதா வேண்டாமா என்பது அப்புறம் இருக்கட்டும், கோளாறு என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஜெனியிடம் சொன்னேன். நீங்கள் எப்போதும் வண்டியை விடுகிற திண்டிவனம் மெக்கானிக் பாஷாவிடமே கொண்டுபோனோம். அவர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட்டு போயிருக்குது அண்ணி, ஜல்தியா முடிச்சுடலாம்" என்றார். கியர்பாக்ஸை இறக்கி, புது பிளேட் போட்டு, பிரஷர் பிளேட்டையும் மாற்றி, ஃபிளைவீலின் முகத்தையும் லேத்தில் கடைந்து வாங்கி மாட்டினார். நாங்கள் மறுபடி போனோம். எடுத்ததும் அதே உதறல். பாஷாவுக்கு முகம் சுண்டிப்போனது. பொன்னுசாமியோ யாரோ ஒரு பழைய மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பேசினார். அப்புறம் பானெட்டைத் தூக்கிவிட்டு, "அண்ணி, நீங்க உள்ள உக்காந்து கிளட்சை விடுங்க, நான் இன்ஜினைப் பாக்கறேன்" என்றார்.

"ஜெனி உக்காரட்டும். நான் பாக்கறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

நீங்கள் அன்றைக்கு நின்ற இடத்தில் நின்றேன். ஜெனி கிளட்சை விட்டாள். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கியது, டப்பென்று விழுந்தது, மறுபடி தூக்கியது. அடியில் இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் எண்ணெயில் ஊறி, இரும்பை விட்டுப் பிய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பாஷா குனிந்து பார்த்து, "இதான் சமாச்சாரம். இத விட்டுட்டு நான் எங்கியோ தேடினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்க்க மெக்கானிக்கே வேண்டாம். நானே பார்த்தேன். அப்படி இருக்க, நீங்கள் பார்க்காமல் எப்படி?

"அண்ணனுக்கு இது தெரியுமா பாஷா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா? நானே சொல்லியிருக்கேன், ரப்பர் மாத்தணும்னு. 'இருக்கட்டும்டா, நான்தானே ஓட்டறேன்'னாரு. அவரு ஆக்சிலேட்டர் குடுக்காம, கிளட்சைப் பாதியில புடிச்சுக்கினு, வண்டி உருண்டப்புறம் விடுவாரு. அவர் எடுத்தா உதறாது."

"அதை எப்போ சொன்னாரு? நான் கத்துக்கறதுக்கு முன்னாடியா, விட்டப்புறமா?"

"யம்மா, அத்தினி வருஷத்துக்கு முன்னாடி பேசினதை இப்ப கேட்டா நான் எங்க போவேன்? பேஜாரு பண்ணாதீங்க அண்ணி" என்று பாஷா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். நான் சாவியை மாட்டின பிறகு சொல்லியிருந்தால், அது வெறும் சோம்பேறித்தனம். ஓட்டப் போவது நீங்கள் ஒருத்தர்தான், ரப்பர் எதற்கு என்று விட்டிருப்பீர்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால், அப்போது என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாள் முழுக்க, அன்றைக்கு உங்கள் கண்ணில் எதுவும் படவில்லை, அப்போது ரப்பர் இவ்வளவு பிய்ந்திருக்காது என்று உங்களுக்காக நானே வாதாடுகிறேன். மறுநாள் காலையில் பல் துலக்கும்போதே, ஏன் படவில்லை என்று கோபம் வருகிறது. ரோட்டில் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தீர்களா? தெருக்காரர்கள் பேச்சுக்குக் கூசினீர்களா? இல்லை, காலையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவது உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்ததா? கடைசிக் காரணம்தான் என்றால் நான் உங்களை என்ன செய்ய? அதைச் சொல்லியிருந்தால் நானே சாவியைக் கொடுத்திருப்பேனே.

ரப்பர் எங்கும் கிடைக்காமல், பாஷா புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வாங்கிவந்து மாட்டினார். ஜெனி ஓட்டிப் பார்த்து இறங்கினாள். "ஒரு ஆட்டம் இல்லம்மா. இப்ப வித்தா நல்லா போவும்" என்றாள். விற்கவில்லை என்றேன். சாவியைக் கேட்டு வாங்கி பாஷாவின் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நானே எடுத்தேன். நகர்ந்தது. எதுவுமே நடக்காத மாதிரி நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. அம்மாவை நினைத்தா உங்களை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முறையாகப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டேன். நேற்று அம்மா கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன், தனியாக. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்று நின்று எடுக்கவேண்டி இருந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும் என்று நிதானமாக எடுத்தேன். முண்டியம்பாக்கம் தாண்டினதும் ரோடு காலியாக இருந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். நீங்கள் அங்கே இருந்திருந்தால் வண்டியை ஓரம் கட்டி, "இறங்குங்க" என்று சொல்லியிருப்பேன். நடு ரோட்டில் உங்களை இறக்கிவிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். அப்புறம் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, நீங்கள் நடந்து வருகிற வரைக்கும் காத்திருந்து, ஏற்றிக்கொண்டும் வந்திருப்பேன். எவ்வளவு தூரம் போய் நிறுத்தியிருப்பேன் என்பதுதான் எனக்கே தெரியவில்லை.