பசை போட்ட பள்ளிக்கூடம்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் நலம், என் ரத்தக் கொதிப்பைத் தவிர. அதற்கும் காரணம் நீ ஃபோனில் படம் பார்த்து மயங்கி உன் மகள் சிட்டுவைச் சேர்த்த அந்த மாண்டிசோரி பள்ளிக்கூடம்தான். நீ வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. கடிதத்தைப் பாதியில் மடக்காமல் முழுதும் படி.

போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார், நானும் மருமகளும் போனோம். சிட்டுவுக்குக் கையில் வலு இல்லையாம், எதிலும் மனசு நிற்கவில்லையாம், அடுத்த வருஷமும் இதே வகுப்பில்தான் உட்கார வேண்டுமாம். மருமகளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. என் தைலப் பாட்டிலைத் திருகித் திறந்து தந்துகொண்டிருந்தவளே சிட்டுதான், அவளுக்கா வலு இல்லை என்று நினைத்துக்கொண்டு, வகுப்பைக் காட்டுங்கள் என்றேன். உள்ளே எல்லாம் நகைக்கடை ஷோகேஸ் மாதிரிப் பளபளவென்று இருந்தது, பிள்ளைகள் தொட்டால்தானே அழுக்காகும். சிட்டு தோற்றுப்போன பொருளைக் காட்டினார்கள். நீளமான ஒரு கட்டை, அதில் வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒன்றாகக் குமிழ் வைத்த மர உருளைகள். ஒவ்வொன்றும் ஒரு பருமன். பிள்ளை அவற்றை வெளியே எடுத்து, கலைத்து, தப்பான குழியில் போட்டுப் பார்த்து, தானே திருத்திக்கொள்ள வேண்டும், அதுதான் பாடம். நான் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தேன். உருளை வரவில்லை, கட்டையே கையோடு எழும்பி வந்தது. கேட்டால், பிள்ளைங்க தொலைச்சிடறாங்க சார், அதனால எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டிட்டோம் என்கிறார் அந்த அம்மாள், அதில் பெருமை வேறு. அப்புறம் பிள்ளை எதைத்தான் எடுக்கணும் என்றேன். எடுக்கிற மாதிரி செஞ்சா போதும் சார் என்றார். கெட்டிக்காரப் பிள்ளைகள் குமிழை ஒரு தடவை தொட்டுவிட்டு, முடிஞ்சது டீச்சர் என்று கைகட்டி உட்கார்ந்துவிடுகிறார்களாம், அவர்களெல்லாம் பாஸ். நம்முடையது மாசக்கணக்கில் நிஜமாகவே இழுத்துப் பார்த்திருக்கிறது, அதனால் ஃபெயில். இத்தனைக்கும் அந்த அம்மாளின் தலைக்கு மேலே சுவரில் கைகளால் கற்போம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அதை எழுதின பெயிண்டருக்காவது சிரிப்பு வந்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு உறங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் மருமகளைத் தேற்றலாம் என்று, தைலப் பாட்டிலைச் சிட்டுவிடம் நீட்டினேன். மூடியைப் பார்த்தாள். தொடவே இல்லை. இது வராது தாத்தா என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சேர்த்தது நீ, நிறுத்தியது நாங்கள். உன்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். வேறு பள்ளி பார்க்கிறேன், இந்தத் தடவை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன். வீட்டில் உள்ள மூடிகளையெல்லாம் மருமகள் தளர்த்தி வைத்திருக்கிறாள். நேற்று சிட்டு சர்க்கரை டப்பாவைத் திறந்து சமையலறை முழுக்கச் சர்க்கரை, எறும்புக்கு விருந்து. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ நல்லபடியாக இரு, உன் வேலை செழிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஃபோன் பண்ணும்போது பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்காதே, இன்னைக்கு எதைத் திறந்தே என்று கேள்.

தைலத்தை இன்னும் தானே திறந்துகொள்ளும்,
உன் அப்பா