மூன்று முறை பூசிய விரிசல்

என்னோடு சண்டை போட இப்போது வீட்டில் இல்லாத அண்ணாவுக்கு,

கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் நீ கூலிக்கு மண் வெட்டிய செம்மண் பள்ளத்தில் சரிவு உன்மேல் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கிய மனைகளில் வீடுகள் வந்துவிட்டன. விசாரணை மட்டும் முடியவில்லை. முதலாளி தரப்பு அறிக்கையில் ஒரே வரி: அன்று காலை நீ அடிமண்ணை அளவு மீறி வெட்டியதுதான் காரணம்.

அது பொய்யாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையை யார் கேட்பார்கள்? அதனால் நான் படிக்கும் கல்லூரியின் கம்ப்யூட்டரில் உன் சரிவை வரைந்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மண்ணின் பலத்தை எண்ணாகக் கொடுத்தேன். எல்லாக் கட்டத்துக்கும் மாறாத பலம். உன்னைக் கொன்ற சரிவு, திரையில் அசையாமல் நின்றது.

பிறகுதான் புரிந்தது. நழுவத் தொடங்கிய மண்ணுக்குப் பழைய பலம் இருக்காது. ஒரு கட்டம் தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கட்டத்தில் ஏறும், அதுவும் தளரும். அப்படி மாற்றியதும் விழுந்தது. ஆனால் எப்போது தொடங்கியது?

உன்னோடு வேலை செய்த கன்னியம்மா அக்காவைத் தேடிப்போய், தினமும் எவ்வளவு வெட்டினீர்கள் என்று கேட்டேன். மேலே விரிசல் கண்டால் களிமண் பூசிவைப்பீர்களாமே? பூச்சு வெடித்தால் மண் இன்னும் நகர்கிறது என்று கீழே இறங்கமாட்டீர்களாமே? இதை ஏன் நீ என்னிடம் சொன்னதே இல்லை?

"மூணு வாட்டி பூசினான்டி உங்கண்ணன். மொதல்ல ரெண்டு நாள் தாங்குச்சி, அப்பால ஒரு நாள். கடைசியா மத்தியானம் பூசினது பொழுது சாயறதுக்குள்ள வுட்டுப்போச்சி."

மேஸ்திரியிடம் சொல்லவில்லையா என்றேன்.

"சொன்னான். 'இன்னாடா, மண்ணுக்குப் பவுடர் பூசிகினு கீற? காலைல நீ எறங்கு, இல்லாங்காட்டி கன்னிம்மா எறங்கட்டும்'னான்."

அக்கா இறங்கக்கூடாது என்றுதான் நீ இறங்கியிருக்கிறாய்.

அவர் சொன்னபடி நாள்நாளாகக் கம்ப்யூட்டரில் வெட்டினேன். பூச்சு வெடித்த நாட்களில் என் திரையிலும் விரிசல் அகன்றது. கடைசிக் காலையின் வெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது, அண்ணா. நீ கடப்பாரையைத் தொடாமலே நின்றிருந்தாலும் விழுந்திருக்கும். அடியைக் குடைந்தால் மேல்மண் தானாகச் சரியும், கூலியாள் மிச்சம் என்று தினமும் குடையச் சொன்னவர்கள் பெயர் அறிக்கையில் எங்கேயும் இல்லை.

திங்கட்கிழமை விசாரணை. செத்தவனுக்குக் கம்ப்யூட்டர் சாட்சியா என்று முதலாளியின் வக்கீல் சிரிக்கலாம், சிரிக்கட்டும். கன்னியம்மா அக்கா என் பக்கத்தில் நிற்பார். அந்த வரியிலிருந்து உன் பெயரை அடிக்கவைக்காமல் வெளியே வரமாட்டேன்.

உன் வாயாடித் தங்கை,
செல்வி