பின்னால் பார்க்கும் இருக்கை

2025 ஜனவரி 12, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து நேராக ஆற்றுக்கு. என் வீட்டுக்காரர் லூயிக்கு அறுபத்திரண்டு வயது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாட்டர் ஸ்கீ. பிரான்ஸ் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தபோது பழகியது, இன்னும் விட்டபாடில்லை. படகை ஓட்டுவது பிள்ளைச்சாவடி கிருஷ்ணசாமி. அவர் முன்னால் பார்ப்பார், நான் பின்னால். கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்கி வரும் லூயி விழுந்தால் கிருஷ்ணசாமியின் தோளைத் தட்ட வேண்டும். உடனே படகைத் திருப்புவார். அவ்வளவுதான் என் உத்தியோகம். இன்று மூன்று முறை தட்டினேன். கடைசியில் தலைகுப்புற விழுந்த மனுஷன், உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு "இன்னொரு ரவுண்டு" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

படகில் இருக்கும்போது மகள் பொலின் வீடியோவில் கூப்பிட்டாள். பிரான்சில், துலோனில் நைட் டியூட்டி முடித்து அவள் கூப்பிடும் நேரம்; ஞாயிற்றுக்கிழமை அதை நான் தவறவிட்டதே இல்லை. "பப்பா வர்றத காட்டு மம்மா." காட்டினேன். பிறகு வெயிலில் அவள் முகம் தெரியவில்லை என்று — திரும்பி உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்தானா?

"மதாம், கயிறு லேசா வருது. முசியே எங்க?" என்று கிருஷ்ணசாமி கத்தியபோதுதான் லூயியைத் தேடினேன்.

தூரத்தில் பொட்டு மாதிரி ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். சுற்றுலாப் படகு ஒன்று அவர் மேலேயே வந்துகொண்டிருந்தது. கடைசி நொடியில் ஒதுங்கியது. இரண்டு முழம் இருந்திருக்குமா? தோள் சுளுக்கோடு போயிற்று. என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 29

ஸ்கீ பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் பூசை முடிந்து நேராக வீடு. கேட்டேவிட்டேன்.

"தோள்தான் சரியாயிடுச்சே, ஏங்க போகல?"

"விழுந்ததுக்கு பயப்படல ழனெத். கைய தூக்கி ஆட்டிக்கினே இருந்தேன். படகு போய்க்கினே இருந்துச்சு. உன் முதுகுதான் தெரிஞ்சுது."

சமையலறையில் போய் அழுதேன். என் முதுகு. நானெல்லாம் ஒரு மனுஷியா?

முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னேன்: "அடுத்த வாரம் நான் ஸ்கீயில ஏறுறேன். நீங்க என் எடத்துல ஒக்காருங்க."

"உனக்கு அம்பத்தெட்டு வயசு."

"உங்களுக்கு பதினெட்டா?"

பிப்ரவரி 16, ஞாயிறு

லெகின்ஸ், மேலே அவருடைய டீசர்ட். நான்கு முறை விழுந்தேன். முதல் தடவை கயிற்றை விடாமல் தொங்கி, பாதி ஆற்றைக் குடித்தேன். "விழுந்தா கயித்த வுட்டுடுடி" என்று கத்தி லூயிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஐந்தாவது தடவை நின்றுவிட்டேன் — எண்ணி ஒன்பது வரை. காலடியில் தண்ணீர் தார் ரோடு மாதிரி கெட்டி. இந்தச் சுகத்தையா இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்தேன்?

விழுந்து தலையை நீட்டும்போதெல்லாம் எதிரே அவர் முகம். கையை ஆட்டத் தேவையே இல்லை. பதினொன்றரைக்குப் பையில் பொலினின் போன் அடித்ததாம், கிருஷ்ணசாமி சொன்னார். லூயிக்குக் காதில் விழவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பொலினை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடச் சொல்லியாயிற்று. போன் வீட்டிலேயே.

இன்று லூயி ஏறினார். இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் அவர் தலை மேலே வருவதற்குள் தட்டிவிட்டேன்.

முகத்துவாரத்தில் கூழைக்கடாப் பறவைக் கூட்டம் இறங்கியதாம், நூறு இருக்குமாம். "எப்படி இருந்துச்சு மதாம்?" என்று கரையில் கேட்டார் கிருஷ்ணசாமி.

நான் பார்க்கவில்லை.