அப்பாவுக்கு இனி இங்கிலீஷில் எழுத வேண்டாம்

மாட்டுங்கா, பம்பாய்
14-9-1985

சிரஞ்சீவி விசாலத்துக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் தம்பி அனந்துவும் சௌக்கியம், நீயும் கடல்தாண்டி அந்த அந்நிய தேசத்து எல்லைக்காட்டில் காய்ச்சல் கீய்ச்சல் வராமல் சௌக்கியமாக இருக்க பகவான் துணை. அப்பாவைப் பற்றித்தான் இந்த லெட்டர், வகுப்பெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து படி.

நீ வரைந்து அனுப்பிய பட அட்டைகள் போன மாதமே வந்து சேர்ந்தன. அகதி முகாமில் உன்னிடம் இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்குச் செய்கிற மாதிரியே, படத்தைக் காட்டி, சாமானையும் கையில் கொடுத்து, பெயரை மெதுவாகச் சொல்லு என்று எழுதியிருந்தாயே, அப்படியேதான் செய்தேன். காலையில் அனந்து அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார்த்திவிட்டு ஐரோலி பாக்டரிக்குக் கிளம்பினதும் நான் அட்டைகளோடு எதிரே உட்காருவேன். டம்ளரைக் கொடுத்தால் சரியாகப் பிடித்துக்கொள்கிறார், என் வாயையே பார்க்கிறார், உதட்டைக் கூட்டுகிறார், கடைசியில் வருவது யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்றுதான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அது ஒன்றுதான் நாக்கில் நிற்கிறது. கோட்டை ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து வாழ்நாளெல்லாம் லெட்டருக்கு அடியில் டைப் அடித்தது, அது மட்டும் மிச்சம். தாகமென்றாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான். முதலில் அனந்து சிரித்துவிட்டான், அப்பாவும் கூடச் சிரித்தார், இப்போது யாரும் சிரிப்பதில்லை.

உன் போன லெட்டர் வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல எனக்குத் தமிழில் ஒரு தாள், அப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு தாள். அவருடையதைக் கையில் கொடுத்துக் கண்ணாடியையும் மாட்டிவிட்டேன். வரி வரியாகக் கண்ணை ஓட்டினார். பேச்சு போனாலும் படிப்பாவது இருக்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், அடுப்பில் குழம்பு கொதிக்கிறதென்று உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் தாள் தலைகீழாக இருக்கிறது, அப்பா அதையும் அதே மாதிரி வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எடுத்து நேராக்கிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. தாளை மடியில் வைத்து அதன்மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு அழுதார், விசாலம். உனக்கு ஏ பி சி டி எழுத வைத்த மனுஷர். மறுநாள் நான் அட்டையை எடுத்ததும் வேண்டாமென்று இடது கையால் தள்ளிவிட்டார், எல்லாவற்றையும் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன், நீ வருத்தப்படாதே. அனந்து டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டிருக்கிறான். ஜாஸ்தி உம்மீத் மத் ரக்கியே என்று அவர் சொன்னதை ஹிந்தியிலேயே வந்து சொன்னான், ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்று தமிழில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு விஜயலக்ஷ்மி மாமி, ஊராருக்கெல்லாம் பேசச் சொல்லிக் குடுக்கப் போயிருக்கா, பெத்தவருக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லையே என்றாள். உன்னைப் போகச் சொன்னதே அப்பாதான் என்று சொல்ல வந்து, எதற்கென்று விட்டுவிட்டேன்.

மலைமேல் இருக்கிற அந்தப் பழைய சிவன் கோவிலுக்கு மறுபடியும் போய் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். பூஜை கிடையாது, விளக்குக் கிடையாது, நந்தி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது, இங்கே வேண்டினால் கேட்குமா அம்மா என்று கேட்டிருந்தாய். எனக்கென்ன தெரியும், இங்கே வேளை தவறாமல் தீபாராதனை நடக்கிற கோவிலிலும் நான் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. நீ நந்தி பக்கத்தில் நிற்கிற போட்டோவை அப்பாவிடம் காட்டினேன், நந்தியைத் தொட்டார், அப்புறம் உன்மேல் விரலை வைத்தார், அங்கிருந்து எடுக்கவேயில்லை.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா வரட்டுமா என்று கேட்கிறாய். குடியேற வா என்று எந்த தேசமும் கூப்பிடாமல் இங்கிலீஷ் மட்டும் படித்துக்கொண்டே இருக்கிறாரே உன் வகுப்புக் கிழவர், அவரை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறாய். அந்தக் கிழவருக்கு நீ இருந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அப்பாவுக்கு நீ வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் வா. அவரைத் திருப்பிப் படுக்க வைக்க என் இடுப்பில் பலமில்லை, பகலெல்லாம் அவர் முகத்தை ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அனந்துவிடம் இதைச் சொல்லவில்லை.

வருகிறவரைக்கும் அப்பாவுக்கென்று தனித்தாள் எழுத வேண்டாம், என் தாளிலேயே தமிழில் எழுது, நான் உரக்கப் படிக்கிறேன், எவ்வளவு புரிகிறதோ புரியட்டும். மழையில் அலையாதே, வெந்நீர் குடி. இன்னொன்று, மறக்காதே. நீ வந்தால் அப்பாவுக்கு உன்னை நன்றாகத் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் வராது. கூப்பிடட்டும் என்று வாசலில் நிற்காதே, நீ எதற்காக நிற்கிறாய் என்று அவருக்குப் புரிந்துவிடும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

அம்மா
பாகீரதி