தலை போகிற அவசரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? செவ்வாய்க்கிழமை உங்கள் போனை மூன்று முறை கட் செய்துவிட்டேன். "அப்படி என்ன தலை போற அவசரம்?" என்று அம்மாவிடம் பொருமினீர்களாம்.

தலையேதான், அப்பா. அப்போது பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சுக் குழறி வந்த ஒரு தச்சரின் மூளை ஸ்கேனை, உடனே பார்த்துச் சொல்லும்படி ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். விரலால் பெரிதாக்கி அடைப்பைத் தேடும்போதெல்லாம் உங்கள் முகம் வந்து திரையை மறைத்தது. எப்படியோ கண்டுபிடித்துச் சொன்னேன், அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்று அவர், "டீயில சர்க்கரையே இல்ல" என்று நர்ஸிடம் தெளிவாகச் சண்டை போடுகிறார்.

போன் திரையைத் துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். நான் கட் செய்தாலும் நீங்கள் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்