குருவின் தலைக்குள் ஒரு வட்டம்

பிப்ரவரி 24, 2026
பத்து நாளாகக் குருவுக்குத் தலைவலி. பனடோல் போட்டுக்கொண்டே லோரி ஓட்டினார். இன்று காலை பசியாறும்போது வலது கை தானாக வெட்டி இழுத்தது, பேச்சும் குழறியது. கிள்ளானில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிடி ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ஒரு வட்டம். "கட்டி மாதிரி இருக்கு. புற்றுநோயாகூட இருக்கலாம்" என்றார் வார்டு டாக்டர். என் புருஷனுக்கு நாற்பத்தொரு வயதுதானே ஆகிறது?

பிப்ரவரி 25
மாமியாரிடம் 'லேசான மயக்கம்' என்று புளுகிவிட்டேன்.

பிப்ரவரி 26
இன்று எம்ஆர்ஐ. ஏற்கெனவே ஒன்று எடுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று எரிந்து விழுந்தேன். ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் ஜெயமாலா கோபப்படவில்லை. "ஏதோ இருக்குன்னு சிடி சீக்கிரமா காட்டிடும் லா. அது என்னான்னு தெரியணும்னா எம்ஆர்ஐதான்."

நான் கையுறை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் கியூசி. வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல கையுறையாகத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றினால்தான் ஓட்டை தெரியும். எனக்கா இது புரியாது? வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 27
டாக்டர் ஜெயமாலா படங்களை எனக்கும் காட்டினார். சாதாரண எம்ஆர்ஐ படத்திலும் அதே வட்டம்தான். ஆனால் இன்னொரு வகைப் படத்தில் வட்டத்தின் நடுப்பகுதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இது தண்ணி எப்படி நகருதுன்னு பாக்கற படம். புற்றுக்கட்டின்னா நடுவுல தண்ணி தாராளமா நகரும், பெரும்பாலும் கறுப்பா தெரியும். சீழ்னா கெட்டி, நகராது. அதான் வெள்ளை."

அதே மெஷின், அதே தலை. கேட்கிற விதத்தில் கேட்டால் என்னவெல்லாம் சொல்கிறது!

"சீழ்னா எங்கிருந்தோ கிருமி போயிருக்கணும். பல்லு, காது, காயம் ஏதாச்சும்?"

"ஒன்னும் இல்ல டாக்டர்." நேற்று நர்ஸிடமும் அதையேதான் சொன்னேன்.

அவர் விடவில்லை. "காயம்னு நீங்க நினைக்காதது ஏதாச்சும்?"

அப்போதுதான் - ஐயோ! இந்த மாதம் தைப்பூசத்துக்குக் குரு பத்துமலையில் காவடி எடுத்தாரே. நாக்கில் அலகு. ஒரு சொட்டு ரத்தம் வரல, விபூதி வச்சோம், மூடிருச்சு. முருகன் வேலைப் போய்க் காயம்னு யாரு சொல்லுவா?

தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "என் தம்பியும் எடுப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உடனே ஆப்பரேஷன் டாக்டருக்கு ஃபோன் போட்டார். என்ன மனுஷி!

மார்ச் 1
மண்டையில் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். சீழேதான். புற்றுநோய் இல்லை. வார்டு வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

மார்ச் 19
மொத்தம் ஆறு வாரம் ஊசி மருந்து, பாதி முடியப்போகிறது. ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குரு வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். ஒரு வார்த்தைகூடக் குழறவில்லை.

ஏப்ரல் 21
மறு ஸ்கேன். டாக்டர் ஜெயமாலா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குரு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தைப் பார்த்தேன். புதியதில் அந்த வெள்ளை இல்லை. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும், அதை அவரே சொல்லட்டும்.