பள்ளிக்கூடம் பூட்டியதும் ஓடத் தொடங்கிய ஆடுகள்

ஆகஸ்ட் 3, வியாழன்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. சோற்றில் மணல், பாயில் மணல். பள்ளிக்கூடம் நேற்றுப் பூட்டியாயிற்று. ஒரு மாத லீவு. எங்கும் போக மனமில்லை. பிள்ளையைப் பெற்றுவிட்டுச் செசிலி போன பின் கோவிலுக்குக் கூட இழுத்துக்கொண்டுதான் போகிறேன்.

காலை 6 மணி: ஆட்டுக் கொட்டில் வெறுமை. நான்கும் ஓட்டம். ஓலைத்தொடுவாய்ப் பக்கம் உடை மரங்களுக்குக் கீழே பிடித்து வர ஒன்பது மணி. ஏப்ரலில் வாங்கியவை. இதுவரை ஒரு நாளும் ஓடியதில்லை.

கறுப்பி - பால் ஆடு. பிள்ளையின் உயிர் இவளிடம்.
துரை - கிடாய். கந்தோர்த் துரை போல நிமிர்ந்து நடக்கிறானாம். பெயர், வீட்டோடு இருக்கும் என் அக்கா வைத்தது.
குட்டி இரண்டு - பெயர் வைக்கவில்லை. திட்டுவதற்கு வசதி.

அரிப்பு ஊரிலிருந்து மச்சாளின் கடிதம். செசிலிக்கு மூத்த சகோதரி. மடு மாதா திருநாள் முடிந்ததும் 18ஆம் திகதி தானும் புருஷனும் வள்ளத்தில் வருகிறார்களாம். ‘பிள்ளை தேறியிருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் சொன்ன சொல்லை மறக்க வேண்டாம்.’

மறக்கவில்லை. செசிலியின் முப்பத்தோராம் நாளன்று சுவாமியாருக்கு முன்னால் மச்சாளுக்கு இரண்டு வாக்குக் கொடுத்தேன். ஒன்று, கண்டவளின் பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. மற்றது, நான் வளர்த்துத் தேறாவிட்டால் மகள் ரோசாளை மச்சாளிடம் கொடுத்துவிடுவது. மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டு பசு.

பிள்ளைக்கு ஐந்து மாதம். தாயின் மூக்கு.

ஆகஸ்ட் 5, சனி

கொட்டிலின் படலைக் கதவுக்குப் புதுக் கயிறு. மூன்று முடிச்சு. காலையில் ஓட்டம், பின்னேரமும் ஓட்டம். முடிச்சு அவிழ்ந்து கயிறு கீழே கிடந்தது. துரை பல்லால் அவிழ்க்கிறான் போலும்.

போகிற வழியில், கோவிலில் மணி அடிக்கும் சங்கிலித்தாம் காயப்போட்ட சட்டையின் ஒரு கையைத் துரை தின்றுவிட்டான். மனுஷன் மிச்சச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார். “சட்டம்பியார், பிள்ளையளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கிறீங்கள். உங்கட ஆட்டுக்கு ஆர் படிப்பிக்கிறது?”

வீடு வர, பிள்ளை நித்திரை. அக்கா வாயில் விரலை வைத்தாள். “குடிச்சிட்டுக் கிடக்கிறாள். எழுப்பிப்போடாதை.” அக்காவுக்கு முழங்கால் வாதம். ஆட்டுக்குப் பின்னால் ஓடுவது என் தலையில்.

ஆகஸ்ட் 7, திங்கள்

கதிரையைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கக் காவல். ஒன்றும் ஓடவில்லை.

ஆனால் பிள்ளை நாள் முழுக்க அழுகை. ஆட்டுப்பாலை மூன்று தரம் கக்கினாள். ஏணையில் போட்டு ஆட்டினேன், தோளில் போட்டு நடந்தேன், பாடினேன். பாட்டுக்கு இன்னும் அழுதாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தும்மாவின் குரல். பக்கத்து வீட்டுக் காசிம் காக்காவின் பெண்சாதி. காக்கா தோணியில் காயல்பட்டினம் போயிருக்கிறார். ஏழு மாதத்து மகன் ஒன்று. என் முன்னால் வரமாட்டாள், அக்காவோடு மட்டும் வேலியால் பேச்சு.

“திரேசாக்கா, சட்டம்பியார் இண்டைக்கு எங்கயும் போகல்லையா?”
“இல்லை. ஆட்டுக்குக் காவலாம்.”

பிறகு அக்கா என்மேல் பாய்ந்தாள். “ஆம்பிளை எண்டா நாலு இடம் போய் வரவேணும். கடற்கரையிலயாவது போய் நில்லன்.” கோபம் வந்தது. என் வீட்டில் நான் இருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஓட்டம், இரண்டு தரம். பிள்ளை சுகம். ஆட்டை அடைத்தால் பிள்ளை அழுகிறாள், ஆடு ஓடினால் தூங்குகிறாள். என்ன மாயமோ.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஓட்டம். என் வலது காலில் முள். கறுப்பி அரைச் சிரட்டைப் பால்கூடத் தரவில்லை. ஓடிக் களைத்தால் எப்படிச் சுரக்கும்? ஆனாலும் பிள்ளையின் கையில் மடிப்பு விழுகிறது. இன்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அரிப்புக்குக் கடிதம் எழுதினேன்: ‘ஆட்டுப்பாலில் பிள்ளை கொழுக்கிறாள். வந்து பாருங்கோ.’ கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். கறுப்பிக்குப் பரிசாகப் பெருக்க மரத்து இலைக்குழை ஒரு கட்டு.

ஆகஸ்ட் 12, சனி

மச்சாள் வரும்போது கறுப்பியின் மடி நிறைந்திருக்க வேண்டும். மன்னார்க் கடையில் சங்கிலியும் பூட்டும் வாங்கிப் படலையில் போட்டேன். பூட்டின் திறப்பு என் அரைஞாணில். துரை பூட்டை நக்கிப் பார்த்தான். நக்கட்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நான்கும் உள்ளே. கறுப்பியிடம் ஒரு சிரட்டைக்கு மேல் பால். பிள்ளை அதைத் தொடவில்லை. நேற்று முழுக்கக் கக்கல், வயிற்றோட்டம். இன்று அழவும் பலமில்லை. கண் குழிந்துவிட்டது. நான்கு நாளில் மச்சாள் வருகிறாள். அதுவும் பெரிதில்லை, பிள்ளை கிடைத்தால் போதும் மாதாவே.

அக்கா: “திறப்பைத் தா தம்பி.”
“ஏன்?”
முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒன்றும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பூசை முடிந்ததும் மருந்துக்கு ஓடினேன். அப்போதிக்கரி மடுவுக்குப் போய்விட்டாராம், டிஸ்பென்சரி பூட்டு. அரை மணியில் திரும்பிவிட்டேன்.

பாத்தும்மா வீட்டுப் பக்க வேலியில் ஓர் ஓலை விலகி, ஆள் குனிந்து நுழையுமளவு ஓட்டைப் பொட்டு. நான் இத்தனை நாளும் கொட்டில் பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன். யன்னலால் எட்டிப் பார்த்தேன். பாத்தும்மா முக்காட்டோடு, முதுகு காட்டி இருந்தாள். அவள் மகன் எங்கள் பாயில் அகப்பைக் காம்பைச் சப்பிக்கொண்டு கிடந்தான். ரோசாள் அவள் மடியில். குடிக்கிற சத்தம் வெளியே கேட்டது.

கிணற்றடியில் போய் நின்றேன். அவள் போன பிறகு உள்ளே.

“எத்தனை நாளா அக்கா?”
“சித்திரையிலயிருந்து. நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில வருவாள். லீவு விட்டதும் நீ வீட்டை விட்டு அசையேல்லை. நீ இருக்கேக்க அவள் எப்பிடி வாறது?”
“படலை?”
“நான்தான் அவிட்டனான். உன்ர மூண்டு முடிச்சில என்ர நகம் போச்சு.”
“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”
“சொன்னா உன்ர வாக்கெல்லோ உடையும். தெரியாத மட்டும் நீ பொய்யன் இல்லை.”

பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து பாத்தும்மா முதன்முறையாக என்னோடு பேசினாள். “தோணி ஏற முந்தியே அவர்ட்ட கேட்டுத்தான் குடுத்தன் சட்டம்பியார். எங்கட மார்க்கத்தில இனி உங்கட மகளும் என்ட மகனும் கூடப்பிறந்த மாதிரி.” பாவம் துரை. செய்யாத குற்றத்துக்கு எத்தனை அடி.

ஆகஸ்ட் 17, வியாழன்

இரண்டு நாளும் கடற்கரையிலேயே நின்றேன். பிள்ளை தேறிவிட்டாள். என் மனம் தேறவில்லை. நாளை மச்சாள். சொன்னால் வாக்கு உடைந்தது என்று பிள்ளையைத் தூக்குவாள். சொல்லாவிட்டால் பொய்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மத்தியானம் வந்தார்கள். மச்சாள் பிள்ளையை வாங்கி, தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, “எல்லாம் ஆட்டுப்பாலோ?” என்றாள். “ஓம்” என்றேன். செசிலியின் படம் சுவரில். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“அப்ப இண்டைக்கு நானே கறந்து பருக்கிறன்.”

பருக்கினாள். பிள்ளை கக்கினாள். விளக்கு வைக்கும்வரை அழுகை. வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தும்மா இருமிக்கொண்டே இருந்தாள். வீடு நிறைய ஆட்கள், அவள் எப்படி வருவாள்?

மச்சாள் பெட்டியைத் திறந்து புது ஏணைச் சேலை ஒன்றைக் காட்டினாள். அரிப்பில் கட்டவாம். “கோவிக்காதேயுங்கோ. பிள்ளை இஞ்ச இருந்தாத் தப்பாது. நாளைக்குக் கொண்டு போறம்.”

ஆகஸ்ட் 19, சனி

விடிந்தும் அழுகை. குரல் கம்மிவிட்டது. வள்ளம் பத்து மணிக்கு.

எழுந்து கொட்டிலுக்குப் போனேன். பூட்டைத் திறந்து படலையை விரித்துவிட்டேன். நான்கும் நின்று அசை போட்டன. ஓடாதே என்றால் ஓடுபவன், ஓடு என்றால் நிற்கிறான் துரை. பின்னால் ஒரு தள்ளு. பாய்ந்தான், மற்றவை பின்னால்.

முற்றத்தில் நின்று கத்தினேன். “ஆடு ஓடிட்டுது. அண்ணை, ஒருக்கா வாங்கோ பிடிக்க.” மச்சாளின் புருஷன் நல்ல மனுஷன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அக்காவைப் பார்த்தேன். அக்கா வேலியைப் பார்த்தாள். இனி வீட்டில் பெண்கள் மட்டும், மச்சாள் கண்டால் காணட்டும்.

இன்றைக்கென்று பார்த்து ஆடுகள் தூரம் போகவில்லை. சங்கிலித்தாமின் வளவிலேயே அகப்பட்டன. அண்ணை கெட்டிக்காரன், துரையைக் கொம்பில் பிடித்து என் கையில் கயிற்றைத் தந்தார். இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டியதாயிற்று.

வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. மச்சாள் வெளியே வந்து, இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்து வழியை மறித்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால், எங்கள் கூரை வளையில், அவள் கொண்டுவந்த ஏணைச் சேலை கட்டியிருந்தது.

“ஏன் இவ்வளவு கெதியாப் பிடிச்சனீங்கள்?” என்றாள். “பிள்ளை இன்னும் குடிச்சு முடியேல்லை.”

துரையின் கயிற்றை விட்டேன்.